காது பேட் உரிந்த பிறகு ஒரு கேமிங் ஹெட்செட்

கேமிங்குக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால் பேச்சு டிரைவர் (கப்புக்குள் ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்) அளவில் தொடங்கி 7.1 சரவுண்டில் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்தது போன்ற ஒலி) முடிந்துவிடுகிறது. காதைச் சுற்றி அமரும் மெத்தையான காது பேட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. இரண்டு ஆண்டு தினமும் உழைத்த ஒயர்லெஸ் ஹெட்செட் ஒன்றுக்குப் பேட் மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன், அதனால் பேட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பின்புறம் மூடிய கப், 50 மி.மீ. டிரைவர், கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் டாங்கிள், தோல் பேட். தோல் என்பது பெயருக்குத்தான். துணிமேல் ஏற்றிய பாலியூரித்தேன் படலம் அது. ஈரப்பதமும் வியர்வையும் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். பள்ளி வேதியியலில் வரும் நீராற்பகுப்புதான். முதலில் மயிரிழை போல விரிசல், பிறகு கறுப்புச் செதில் செதிலாகக் கன்னத்திலும் காதுமடலிலும் ஒட்டும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்தாலும் காற்றின் ஈரமே இந்த வேலையைச் செய்யும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலு ஜோடி வாங்கி அடுக்கி வைக்காதீர்கள்.

பார்க்க அசிங்கமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒலி கெடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூடிய ஹெட்போனில் டிரைவர் பாதி என்றால் பேட் மீதி. தலைக்கும் பேட்டுக்கும் நடுவே காற்று கசிந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பாஸ் முதலில் வடிந்துபோகும். நுரை அமுங்கிவிட்டால் டிரைவர் காதை நெருங்கி மேல்சுரங்களும் மாறும். இதைவிட மோசம், இரு பக்கமும் ஒரே அளவில் தேயாது என்பது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை கணிப்பது இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான். இடது பேட் அதிகம் கசிந்தால் நேர் எதிரே வெடிக்கும் குண்டின் கனமெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து கேட்கும். இது நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நடப்பதால் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது. பழி கேம் அப்டேட்டின் மீது விழும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் தலையோடு லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் பாஸ் பொங்கி வந்தால் கசிவு இருக்கிறது. ஒவ்வொரு பக்கமாக அழுத்தினால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடும் இல்லாமலும் செய்து பார்க்க வேண்டும். கண்ணாடியின் கம்பி பேட்டுக்கடியில் நுழையும் இடத்தில் புதுப் பேட்டிலேயே கசிவு வரலாம்.

மாற்றுவது கால் மணி நேர வேலையாக இருந்திருக்க வேண்டும். பல மாடல்களில் பேட்டின் உதடு கப்பின் பள்ளத்துக்குள் மாட்டியிருக்கும், அல்லது பிளாஸ்டிக் வளையத்தோடு சொடுக்கென்று கழன்று வரும். இதிலோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! தேயும் என்று தெரிந்தே ஒட்டியதை எப்படிப் பாராட்டுவது? பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துச் சுற்றிலும் நெம்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், வழுக்கினால் டிரைவரின் மெல்லிய சவ்வு கிழியும். மிச்சப் பசையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், ஊற்றக் கூடாது. டிரைவருக்கு முன்னால் இருக்கும் மெல்லிய துணியைப் பழைய பேட்டோடு எறிந்துவிடாதீர்கள். அது தூசியைத் தடுப்பதோடு ஒலியையும் சீராக்குகிறது. கப்பில் உள்ள காற்றுத் துளையைப் புதுப் பசைநாடா மூடிவிட்டாலும் பாஸ் மாறிவிடும்.

வெல்வெட் போன்ற வெலூர் பேட் உரியாது, அவ்வளவாக வியர்க்காது. ஆனால் துணி வழியே காற்று கசியும் என்பதால் தோல் பேட்டுக்காக ட்யூன் செய்த ஹெட்செட்டில் அதைப் போட்டால் பாஸ் குறையும். கதை சார்ந்த கேம்களுக்கு இது நஷ்டம். காலடி கேட்டு ஆடும் கேம்களில் பாஸ் மூடி மறைக்காததால் சில நேரம் லாபமே.

மற்றதெல்லாம் அருமை என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். டாங்கிளில் தாமதமே உணர முடிவதில்லை. அதே ஹெட்செட்டைப் புளூடூத்தில் போட்டால் துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும், மைக்கைத் திறந்தால் ஸ்டீரியோவும் போய்த் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். டாங்கிளைக் கணினியின் பின்புறம் யு.எஸ்.பி. 3 போர்ட்டுகளுக்கு நடுவே செருகினால் சத்தம் விட்டுவிட்டு வரும், ஏனென்றால் அந்தப் போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சல் கிளப்பும். ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளால் டாங்கிளைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. மைக் தெளிவு. நம் குரல் நமக்கே கேட்கும் சைட்டோன் இருப்பதால் கத்திப் பேச வேண்டியதில்லை. பெட்டிமேல் அச்சிட்ட 7.1-ஐ மட்டும் அணைத்துவிடுங்கள். இருப்பது இரண்டே டிரைவர். கேமே ஹெட்போனுக்கான திசைக் கணக்கைச் செய்து அனுப்பும்போது மேலே இன்னொன்றைப் போட்டால் முன்னும் பின்னும் குழம்பும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை யாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். சென்ஹைசர் எச்டி 560எஸ் போன்ற, கப்பின் பின்புறம் திறந்த ஹெட்போனும் தனி மைக்கும் இருந்தால் போதும். வெலூர் பேட், கையால் கழற்றி மாட்டலாம், கேபிளும் தனியே வரும். மின்தடை 120 ஓம் என்பதால் பலவீனமான கேம் கன்ட்ரோலர் ஜாக்கில் வால்யூமைச் சற்று ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவே. பக்கத்தில் ஆள் படுத்திருக்கும் அறையென்றால் சத்தம் வெளியே கேட்கும் திறந்த கப் சரிவராது. அப்போது மூடியதில் பயர்டைனமிக் டிடி 770 ப்ரோ இருக்கிறது, அதன் பேட்டும் கழற்றக்கூடியதுதான், 80, 250 ஓம் வகைகளில் வெலூர். 32, 80, 250 ஓம் என்று வருவதில் கன்ட்ரோலருக்கு 250 வேண்டாம்.

வேறு எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு பக்கத்துப் பேட்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.