பௌர்ணமி நண்டுக்கு எது சரி: ஷீட்டா, ஆரா, கிராஃப் நோட்டா?

பௌர்ணமிக்கு நண்டு வாங்காதே, உள்ளே வெறும் தண்ணிதான் இருக்கும் என்று ராமேஸ்வரத்துக்கு அருகே எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். எனக்கு இதை எடை போட்டே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு கிறுக்கு. நீலக்கால் நண்டு வாங்கும் நாளெல்லாம் வேகவைக்கும் முன் ஒரு எடை, சதையைப் பிரித்தெடுத்த பின் ஒரு எடை, அமாவாசையிலிருந்து அன்று எத்தனையாவது நாள் என்பது ஒன்று, அவ்வளவுதான் கணக்கு. இதை எதில் குறித்து எதில் வரைவது என்பதில்தான் தடுமாறி, கூகுள் ஷீட்ஸ், ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி, கிராஃப் நோட்டு மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். இப்போது வீட்டில் ஓடுவது நோட்டுதான், அதனால் நான் அந்தப் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

காசு விஷயத்தில் சண்டையே இல்லை. ஷீட்டும் ஆரும் இலவசம், நோட்டு பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடையில் கிடைக்கிறது. அழகு என்று பார்த்தால் ஆர்தான், அதிலும் சந்தேகமில்லை.

ஆரைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, மொத்தமாக ஒரு வாரம்தான் கை வைத்தேன். ஆண் நண்டுக்கு ஒரு படம், பெண் நண்டுக்கு ஒரு படம், இரண்டும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமென்றால் ஆரில் படம் வரையும் ஜிஜிபிளாட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதைப் பார்த்தபோது கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்படிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு கூடம் இருக்கிறதே. எடையைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய்த் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு சீட்டு நண்டு ஓட்டோடு குப்பைக்குப் போயின. ஆயிரக்கணக்கில் எண்கள் இருப்பவர்கள் ஆருக்கே போகட்டும், முப்பது நாற்பது புள்ளிக்கு அது சின்ன வல்லம் போகிற இடத்துக்கு விசைப்படகு.

ஷீட்டில் இரண்டு மாதம் ஓட்டினேன். முதல் வில்லங்கம் தேதி. அமாவாசையிலிருந்து எத்தனையாவது நாள் என்பது ஷீட்டுக்குத் தெரியாது. 2000 ஜனவரி 6 அன்று அமாவாசை, அதிலிருந்து எத்தனை நாள் என்று கழித்து 29.53-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் வந்துவிடும், ஒரு நாள் முன்னே பின்னே இருக்கும். அப்புறம்தான் கவனித்தேன், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி அச்சடித்தே இருக்கிறது. இன்னொரு நாள் குறிப்புக் கட்டத்தில் 2-3 என்று போட்டேன், இரண்டு ஆண் மூன்று பெண் என்று அர்த்தம். ஷீட் அதை மார்ச் 2 ஆக்கி வைத்துவிட்டது. சிரித்துவிட்டுப் போகலாம், திருத்திவிடவும் செய்தேன்.

சிரிக்க முடியாதது படம்தான். பௌர்ணமி வாரத்துச் சராசரி ஒரு தூண், அமாவாசை வாரத்துச் சராசரி ஒரு தூண் என்று போட்டேன். பௌர்ணமித் தூண் குட்டை. ஊர் சொன்னது சரிதான் போல என்று எல்லாரிடமும் காட்டிவிட்டும் வந்தேன். சராசரியை மட்டும் பார்க்காதே என்பதற்கு 1973-ல் ஆன்ஸ்கம்ப் என்ற புள்ளியியலாளர் ஒரு வேடிக்கை செய்து காட்டினார். நான்கு தொகுப்பு, ஒவ்வொன்றிலும் 11 புள்ளி. நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி ஏறக்குறைய 7.5. வரைந்து பார்த்தால் ஒன்று நேராக ஏறுகிறது, ஒன்று வில்லாக வளைகிறது, மற்ற இரண்டும் ஒற்றைப் புள்ளியால் கோணிக்கொண்டு நிற்கின்றன. இதையெல்லாம் படித்தவன்தான் நானும், இருந்தும் தூணை நம்பினேன்.

நோட்டுக்கு மாறியதற்குக் காரணம் இதுகூட இல்லை. தினமும் யார் எழுதப் போகிறார்கள் என்பதுதான். நண்டை உடைப்பது அக்கா. அந்தக் கையோடு போனைத் தொட்டால் திரை வேலை செய்யாது, வேலை செய்தாலும் போன் இரண்டு நாளைக்கு நாறும். நான் வீட்டில் இல்லாத நாளெல்லாம் ஷீட்டில் ஓட்டை விழுந்தது. நோட்டைத் தினசரிக் காலண்டர் பக்கத்தில் ஆணியில் மாட்டி, கயிற்றில் ஒரு பென்சிலையும் கட்டிவிட்டேன். கீழே ஒரு நாளுக்கு அரை சென்டிமீட்டர், 30 திதிக்கு 15 சென்டிமீட்டர், மேலே 100 கிராம் நண்டுக்கு எத்தனை கிராம் சதை. எழுதுவது தனி, வரைவது தனி என்றில்லை, புள்ளி வைத்தால் இரண்டும் முடிந்தது.

மூன்றாவது வாரம் பார்த்தால் புள்ளிகள் இரண்டு நிறத்தில் இருக்கின்றன. நான் சொல்லவே இல்லை. "ஆண் நண்டு நீலமா இருக்கும், பெண் நண்டு பழுப்பா இருக்கும், ரெண்டையும் ஒண்ணா போட்டா எப்படிடா தம்பி?" என்று அக்கா மருமகனின் கலர் பென்சிலை எடுத்து வைத்திருக்கிறாள், எடையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறாள். என் ஷீட்டில் அதற்குப் பத்தியே இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாக எடை போட்டுவிட்ட பிறகு பழையதைப் பிரிக்கவும் முடியாது. ஏப்ரல் 15-இல் அவளே ஒரு கோடு கிழித்து "தடை" என்று எழுதினாள். அந்த 61 நாளும் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு நண்டு மட்டும்தான் வரும், அதை மற்ற நாளோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, நோட்டு என்ன சொல்கிறது? நிறம் பிரித்துப் பார்த்தால் பௌர்ணமிப் பக்கம் பள்ளம் எதுவும் தெரியவில்லை, புள்ளிகள் எங்கும் சிதறித்தான் கிடக்கின்றன. ஆனால் இதை வைத்து ஊர்ப்பேச்சு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஓரத்தில் அக்கா அடிக்கடி "அமுக்கினது" என்று குறித்திருந்தாள். கேட்டால், வாங்கும்போதே வயிற்றுப் பக்கம் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருப்பதைத் தள்ளிவிடுவாளாம். ஓடு கழற்றிய நண்டுக்குள் கொஞ்ச நாளைக்குத் தண்ணீர்தான் இருக்கும், அந்த நண்டு எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. 1947-ல் தொடங்கி, ஒரு காலத்தில் இதே மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கரைக்கு வரும் மீனைக் கணக்கிடும்போது எல்லாப் படகையும் எண்ணுவதில்லை, குலுக்கல் முறையில் எடுத்துத்தான் எண்ணுகிறார்கள். நாங்கள் அமுக்கி எடுத்திருக்கிறோம்.

இந்தத் தப்பை ஷீட்டும் ஆரும் காட்டியிருக்காது, ஓரத்தில் கிறுக்க இடமிருந்ததால் நோட்டில் தெரிந்தது. இப்போது அமுக்காமல் கூடையில் மேலாக இருப்பதை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். காசு கொடுத்துத் தண்ணி நண்டு வாங்கச் சொல்கிறானே என்று அக்காவுக்குக் கோபம். அமுக்காமல் வாங்கிய நண்டுக்கு நோட்டில் வெற்று வட்டம், அது மூன்றுதான் இதுவரை விழுந்திருக்கிறது.