உரப்பையா, பாத்தியா? மலையக வீட்டுத்தோட்டத்தில் முதன்முறை உருளைக்கிழங்கு நடுவோருக்கு

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலை ஒட்டிய ஒரு சிறு பாத்தி, அல்லது கூரையோரத்தில் வைத்த நான்கைந்து வெற்று உரப்பைகள்: மலையகத்தில் வீட்டுத்தேவைக்கென முதன்முறையாக உருளைக்கிழங்கு நட நினைப்பவருக்குப் பெரும்பாலும் இவ்விரண்டு வழிகளே கைக்கெட்டியவையாக இருக்கின்றன. விளைச்சலை மட்டும் கணக்கிட்டால் பாத்தியே மேலானது. ஆனாலும் முதற்போகத்தைப் பையில் செய்து பழகிய பிறகே பாத்தியில் இறங்க வேண்டும் என்பது, இரண்டையும் செய்து பார்த்தபின் நான் வந்தடைந்த முடிவு. நம் மலைகளில் உருளைக்கிழங்கைக் கெடுப்பவை பெரும்பாலும் மண்ணிலும் இலையின் ஈரத்திலும் இருந்தே வருகின்றன. அவ்விரண்டையும் புதியவர் ஒருவரால் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக் கூடிய இடம் பைதான்.

முதலில் பாத்தியின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலத்து மண் ஈரத்தைத் தாங்கி வைத்திருப்பதால், சில நாட்கள் மழை இல்லாவிட்டாலும் செடி வாடுவதில்லை. வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றரும் கிழங்குக்குக் கிழங்கு 25 சென்ரிமீற்றரும் விட்டு, 8 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட்டு, செடி ஒரு சாண் வளர்ந்ததும் ஒருமுறையும், மேலும் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மறுமுறையும் மண் அணைத்தால், செடியொன்றுக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை எதிர்பார்க்கலாம். தேயிலை மண்ணின் புளிப்பை எண்ணி அஞ்சுபவர்கள் உண்டு. சற்றுப் புளிப்பான மண்ணை இப்பயிர் விரும்பவே செய்கிறது. புளிப்பைக் குறைக்க இடும் டொலமைட் சுண்ணாம்புத் தூளை அளவின்றிக் கொட்டினால்தான் கிழங்குத் தோலில் சொறி கூடும்.

சரிவு நிலம் வேறொரு கவனத்தைக் கேட்கிறது. வரம்புகள் சரிவுக்குக் குறுக்காக அமைய வேண்டும். மேலிருந்து கீழாக வரம்பு பிடித்தால், ஒரு பெருமழையிலேயே அணைத்த மண் கரைந்து கிழங்கு வெளியே தெரியும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிய கிழங்கில் சொலனின் என்னும் நச்சுப்பொருளும் சேர்ந்துவிடுவதால், அதை உண்ணவே கூடாது. வரம்புகளின் மேல் மானாப் புல்லை வெட்டிப் பரப்பிவிட்டால் மண்ணும் நிற்கும், களையும் குறையும்.

பாத்தியின் உண்மையான இடர் கண்ணுக்குத் தெரியாதது. தக்காளி, கத்தரி, மிளகாய், கறிமிளகாய் யாவும் உருளைக்கிழங்கின் குடும்பமே. அவற்றை ஆண்டுதோறும் நட்டுவந்த மண்ணில் பக்டீரியா வாடல் நோய் தங்கியிருக்கக்கூடும். நுவரெலியாவை விடச் சூடான வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளில் அதன் தாக்கம் கூடுதல். நன்றாக நின்ற செடி பச்சை மாறாமலேயே தலை தொங்கினால், அதன் தண்டில் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை கீழிறங்கினால் அது வாடல் நோயேதான். நுவரெலியாவின் உயரமான பகுதிகளிலோ கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறது. அதன் முட்டைகள் பயிரே இல்லாத மண்ணிலும் பத்தாண்டுகளுக்கு மேல் உயிரோடு கிடக்கும். என்ன பயிர் இருந்தது என்று தெரியாத நிலத்தில் முதன்முறை நடுபவர் இவற்றை முன்கூட்டி அறிய வழியில்லை. நூற்புழு இல்லாத பகுதியில், கோவா, போஞ்சி, லீக்ஸ், கரட் ஆகியவை குறைந்தது மூன்று ஆண்டுகள் மாறிமாறி நின்ற பாத்தி கிடைத்தால் மட்டும் நான் சொன்ன வரிசையை மாற்றி, நேரே மண்ணில் நடலாம்.

இனி பை. 50 கிலோ உரப்பையை நன்கு கழுவி, வாயைப் பாதிவரை வெளிப்புறமாகச் சுருட்டி, அடியிலும் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கங்களிலும் துளையிட வேண்டும். உருளைக்கிழங்குக் குடும்பப் பயிர்கள் நிற்காத இடத்து மண் இரண்டு பங்கு, ஒரு பங்கு மட்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு, ஒரு பங்கு மணல் எனக் கலந்து ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பி, இரண்டு விதைக்கிழங்குகளை முளை மேல்நோக்க வைத்து மூடினால் போதும். மூன்றாவது கிழங்கை வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. கிழங்குகளின் எண்ணிக்கை கூடினாலும் அவை கோலிக்காய் அளவிலேயே நின்றுவிடும். செடி உயர உயரப் பையை விரித்து, நுனி இலைகள் வெளியே நிற்கும்படி மண்ணைக் கூட்டுவதுதான் இங்கே மண் அணைத்தல்.

மண் கூட்டும் ஒவ்வொரு முறையும் தண்டில் புதிய அடுக்காகக் கிழங்கு பிடிக்கும் என்று பலர் சொல்கிறார்கள். சுமார் மூன்று மாதங்களில் முடியும் கிரனோலா போன்ற இனங்களில் அப்படி நடப்பதில்லை; கிழங்குகள் விதைக்கு அருகிலேயே பிடிக்கின்றன. கூட்டிய மண்ணின் வேலை அவற்றை வெளிச்சத்திலிருந்து மறைப்பதே. ஆகவே ஒரு பையில் ஒரு கிலோ கிடைத்தாலே அது நல்ல அறுவடை.

அப்படியிருந்தும் பையை முன்வைப்பதற்குக் காரணம், அதை நகர்த்த முடியும் என்பதுதான். பிந்திய வெளிறல் எனப்படும் இலை நோய்க்குக் குளிரும், மணிக்கணக்கில் காயாத இலையும் போதும். மலையகத்து மூடுபனியில் இரண்டுக்கும் குறைவில்லை. ஈரத்தில் ஊறியதுபோன்ற கருந்திட்டு இலையில் தோன்றினால், தொடர்ந்து மழை பெய்யும் வாரத்தில் ஒரு பாத்தி முழுவதும் கருகிவிடும். பையிலுள்ள செடியையோ வெளிச்சம் குறையாத கூரையோரத்துக்கு இழுத்து இலையைக் காயவைக்கலாம். தகரத்திலிருந்து நீர் சொட்டும் கோட்டுக்கு உட்புறமாகப் பை இருக்க வேண்டும். அந்தக் கோட்டிலேயே வைப்பது வெளியே விடுவதை விடக் கேடு. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழும் இரவுகளிலும் இதே கூரையோரம் காப்பாற்றும். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இரவில் வந்து பாத்தியைக் கிளறிய தோட்டங்களில், வீட்டுச் சுவரோரத்துப் பைகள் தப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

பையின் குறை தண்ணீர். வெயில் நாட்களில் தினமும் பார்க்காவிட்டால் மண் காய்ந்து, பிறகு ஒரேயடியாக நனைந்து, கிழங்கு வெடிக்கும். பழைய டயர்களை அடுக்கி நடும் முறையும் உண்டு. அதை நகர்த்தவும் முடியாது, அதன் உட்குழிவில் தேங்கும் நீர் நுளம்பு பெருக இடமாகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவற்றையெல்லாம் விட விதைக்கிழங்கின் தேர்வுதான் பெரிது. கடையில் கறிக்கு வாங்கி, அடுப்படி மூலையில் முளைத்த கிழங்கை நடுவதே எளிய வழி; நானும் அப்படித்தான் தொடங்கினேன். அக்கிழங்கு எந்த நாட்டிலிருந்து, எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது தெரியாது. இருட்டில் நீண்ட அதன் வெளிறிய முளைகளும் நடும்போதே ஒடிந்துபோயின. முளைத்த சில செடிகளும் பூக்கும் முன்பே வாடின. சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் நோயற்ற விதைக்கிழங்கை உருவாக்கும் பணியைச் செய்துவருகிறது. அத்தகைய மூலத்திலிருந்து வரும் தரமான விதையே முதல் தெரிவு. அது மூட்டைக் கணக்கில் விற்கப்படும்போது ஒரு வீட்டுக்கு மிகையாகும் என்பதால், லயத்தில் பத்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். அதுவும் இயலாவிட்டால், வாடல் காணாத தோட்டத்தை உடைய தெரிந்த விவசாயியிடம் கோழிமுட்டை அளவுக் கிழங்குகளைக் கேட்டு வாங்குவது அடுத்த வழி. பெரியதை வெட்டி நடுவதைத் தவிருங்கள். வெட்டுவாய் நம் ஈரத்தில் அழுகுவதோடு, கத்தியே நோயைக் கிழங்குக்குக் கிழங்கு கடத்தும். வாங்கியவற்றை நேர்வெயில் படாத வெளிச்சத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பிவைத்தால், சில வாரங்களில் குட்டையும் தடிப்புமான முளைகள் வரும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தார் தை கடைசியில் அல்லது மாசியில் நட்டால், தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன் கிழங்கு எடுத்துவிடலாம். ஊவாப் பக்கம் அந்தத் தென்மேற்குப் பருவ மாதங்கள் வறட்சியும் காற்றுமாக இருப்பதால், நீர் வசதியுள்ளவர்கள் வெலிமடை வயல்களில் நெல்லுக்குப் பின் நடுகிறார்கள்.

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்டை அறுத்துவிட்டுப் பத்து முதல் பதினான்கு நாட்கள் மண்ணிலேயே விட வேண்டும். அதற்குள் தோல் இறுகும். பாத்தியில் முள் மண்வெட்டியால் தோண்டும்போது சில கிழங்குகள் குத்துப்படும், அவற்றை அன்றே சமைத்துவிட வேண்டும். பையைச் சாய்த்துக் கொட்டினால் ஒன்றும் காயப்படாது. கொட்டிய மண்ணை அடுத்த போகத்துக்கு மறுபடியும் உருளைக்கிழங்குக்கு எடுக்காமல், செடிகள் நோயின்றி நின்றிருந்தால் போஞ்சிப் பாத்தியில் சேர்த்துவிடலாம். வாடல் கண்ட பையின் மண்ணையோ எந்தப் பாத்தியிலும் கொட்டாமல், மழைநீர் தோட்டத்துக்குள் வழியாத ஓர் ஒதுக்கிடத்தில் புதைத்துவிட வேண்டும்.