தைப்பூசமும் சேகா இசையும் என்று மொரிஷியஸ் டூர் விற்கிறார்கள்: மும்பைத் தமிழர்கள் பணம் கட்டுமுன் படிக்கவும்

தாராவி, சயான், செம்பூர் பக்கம் இருக்கும் நம் மக்களுக்காக இதை எழுதுகிறேன். மொரிஷியஸ் தைப்பூசம், கூடவே "மீனவர் கிராமத்தில் தீயில் காய்ச்சிய ராவான் மேளத்தோடு சேகா இரவு" என்று தமிழிலேயே நோட்டீஸ் அடித்து ஒரு டிராவல்ஸ் ஆள் பிடிக்கிறது. 2025 தைப்பூசத்துக்கு நாங்கள் நான்கு பேர் அவர்களிடம் பணம் கட்டிப் போனோம். அடுத்த தைப்பூசத்துக்கும் அதே நோட்டீஸ், அதே படத்தோடு மறுபடி வந்துவிட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. நோட்டீஸைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் கிளம்பினோம். அப்பா பறை அடிப்பவர். தாராவியில் எத்தனையோ பொங்கலுக்கும் கொடைக்கும் அடித்தவர். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உண்டாக்கிய இசை சேகா. ராவான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய வட்ட மேளம். வாசிக்குமுன் நம் பறையைப் போலவே நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவார்கள். பறைக்கு அடிகுச்சியும் சுண்டுகுச்சியும் என்றால் ராவானுக்கு வெறும் கைதான். கூடவே கரும்புப் பூத்தண்டில் செய்த பெட்டிக்குள் விதைகளைப் போட்டுக் குலுக்கும் மராவான், ஒரு இரும்பு முக்கோணம். யுனெஸ்கோ 2014இல் இதை மானுடப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. இதையெல்லாம் வீடியோவில் பார்த்து நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த மனிதரிடம்தான் அந்த ஆபீஸ்காரர், "அய்யா, நீங்களும் நம்ம திருநெல்வேலி. உங்களை அந்த மேளக்காரங்க பக்கத்துலயே உக்கார வைக்கிறேன்" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அங்கே நடந்தது, எங்கள் ஓட்டலின் நீச்சல் குளத்தோரம் பஃபே சாப்பாட்டோடு ஒரு நிகழ்ச்சி. கீபோர்டு, பெரிய ஸ்பீக்கர், பூப்போட்ட பாவாடையில் நடனம். ஆடியவர்கள் நன்றாகவே ஆடினார்கள், அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் மேடையில் இருந்த ஒரே ராவானும் பிளாஸ்டிக் தோல் போட்டது. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. அப்பா அருகே போய் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார்.

எங்களைக் கவனித்துக்கொண்ட உள்ளூர் நிறுவனத்துப் பையனிடம் கேட்டேன். அவன் தன் போனில் இருந்த ஆர்டரைக் காட்டினான். மும்பையிலிருந்து போன ஆர்டரில் இருந்தது "ஓட்டலில் டின்னர், ஷோவுடன்" என்பது மட்டும். மீனவர் கிராமம் என்ற பேச்சே அதில் இல்லை. இந்த வியாபாரம் நடக்கும் விதமே இதுதான்: இங்கே விற்பவர் அங்கே எதையும் நடத்துவதில்லை. உள்ளூர் நிறுவனத்துக்கு ஆர்டர் அனுப்புவார், ஆர்டரில் உள்ளதை அவர்கள் கொடுப்பார்கள். ஆகவே நோட்டீஸையும் வாட்ஸ்அப் செய்தியையும் நம்பாதீர்கள். கடைசித் தவணை கட்டுமுன் சர்வீஸ் வவுச்சரை, அதாவது அங்கே என்னென்ன ஏற்பாடு என்று எழுதித் தரும் சீட்டைக் கேளுங்கள். எந்த ஊர், எந்த நாள், வாசிப்பது யார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். "கிளம்புற அன்னைக்கு ஏர்போர்ட்ல தர்றோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் இரண்டு முறை கேட்டோம், இரண்டு முறையும் அந்தப் பதில்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டாக்சிக்காரர் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். சவுக்கு மரங்களுக்கடியில் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டார் சருகைக் கொளுத்தி நிஜ ஆட்டுத்தோல் ராவானைக் காய்ச்சினார்கள். அப்பா நேரே போய் நின்றுவிட்டார். அவருக்கு அந்த ஊர் மொழியான கிரியோல் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தோல் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போனது. இருட்டும் வரை வாசித்தார்கள், அப்பா கையிலும் கொடுத்தார்கள். ஒரு பைசா செலவில்லை. 'சேகா இரவு' என்று தலைக்கு 6,000 ரூபாய் எங்களிடம் வாங்கியிருந்தார்கள்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். விசா கட்டணம் என்று தலைக்கு 3,500 வாங்கினார்கள். இந்திய பாஸ்போர்ட்டில் சுற்றுலா போக முன்கூட்டி விசா வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிட பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டினால் அங்கே இறங்கியதும் கட்டணமில்லாமல் அனுமதி தருகிறார்கள். தைப்பூசத்துக்குக் 'கோயில் நுழைவுச் சீட்டு' என்று இன்னொரு தொகை. தைப்பூசம் அந்த நாட்டில் அரசு விடுமுறை. காவடி எடுத்தவர்களோடு நாங்களும் நடந்து கோயிலுக்குப் போனோம், யாரும் எங்களிடம் சீட்டு கேட்கவில்லை. புயலைப் பற்றிக் கேட்டதற்கு அந்த ஆபீஸ்காரர் "பிப்ரவரிதான் நல்ல சீசன்" என்றார். ஜனவரி முதல் மார்ச் வரைதான் அங்கே புயல் அதிகம் வரும் காலம்; 2024 ஜனவரியில் பெலால் புயலில் தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. எங்களுக்கு வானிலை வாய்த்தது. ஆனால் இயற்கைச் சீற்றத்தால் பயணம் நின்றால் பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரியது டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் இந்த வரியை வசூலித்து, நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். அது நம் பணம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது ரீஃபண்டாக வாங்கலாம். நாங்கள் கட்டிய 2024 டிசம்பரில் 7 லட்சம் வரை 5 சதவீதம். 4,20,000 பேக்கேஜுக்கு 21,000 வாங்கினார்கள். டிசம்பர் வரைக்குமான கணக்கை அவர்கள் ஜனவரி 15க்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். நம் பான் எண்ணில் கட்டிய வரியெல்லாம் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். ஜூனில் என் படிவத்தைப் பார்த்தேன், அதில் அப்படி ஒரு வரவே இல்லை. எங்கள் ஆடிட்டர், டிசிஎஸ் வசூலித்ததற்கு விற்றவர் தர வேண்டிய 27டி சான்றிதழ் கேட்டு மெயில் போட்டார். அதன் பிறகு அவர்கள் போனையே எடுக்கவில்லை.

முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், பலனில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் வரையான தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, ரசீது, அந்தப் பையன் அனுப்பிய ஆர்டரின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். டிசிஎஸ் விஷயத்தை வருமான வரித் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

எங்களோடு அதே குழுவில் வந்தவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே உங்கள் 26ஏஎஸ்ஸைத் திறந்து பாருங்கள். உங்களுக்கும் வரவு இல்லையென்றால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். உங்கள் புகாரும் சேர்ந்தால் எங்கள் வழக்குக்குப் பலம் கூடும்.