தேரோடும் வீதியில் ஃபைபர்

சித்திரையில் மூன்று வாரம் கும்பகோணத்தில் இருந்தேன். லண்டன் ஆபீஸில் இரண்டு வாரம்தான் லீவு கிடைத்தது. மூன்றாவது வாரம் ஊரிலிருந்தே வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். அப்பா வீட்டில் இணையம் என்றால் அவருடைய மொபைல் டேட்டாதான். லேண்ட்லைனைச் சில வருஷத்துக்கு முன்பே சரண்டர் பண்ணிவிட்டார். போன் மட்டும் கூடத்து ஸ்டாண்டில், அம்மா பின்னிய துணியைப் போர்த்திக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

"போன் லைனே இல்லையேடா, நெட்டு எதுல வரும்?" என்றார் அப்பா. தப்பான கேள்வி இல்லை. 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபோது போன் கம்பியில்தான் அதுவும் வந்தது. குட்டி டப்பா ஒன்றை மாட்டி ஒரு முனையைப் போனுக்கும் இன்னொன்றை மோடத்துக்கும் பிரிப்பார்கள். லைன் இல்லாவிட்டால் நெட் இல்லை. இங்கிலாந்திலும் பழைய செம்புக் கம்பி இணைப்பைப் புதிதாக விற்பதை 2023 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள், 2027 ஜனவரிக்குள் பழைய போன் வலையமைப்பையே மூடுவதாகத் திட்டம் என்று சொன்னேன். "அங்கேயுமா?" என்று கேட்டுக் கொஞ்சம் சமாதானமானார்.

முதலில் ஏர்ஃபைபர் போடலாம் என்று நினைத்தேன். மொட்டை மாடியில் ஒரு பெட்டி, 5ஜி சிக்னலை வாங்கி வீட்டுக்குள் அனுப்பும், தெருவில் கம்பி இழுக்க வேண்டாம். பார்க்க வந்த பையன் மாடியில் போனை நாலு திசையிலும் திருப்பிப் பார்த்தான். பக்கத்து வீட்டுத் தென்னை ஒரு பக்கம் மறைக்கிறது, மறு பக்கம் மூன்று மாடி லாட்ஜ். "கிடைக்கும் சார், ஆனா நைட்ல எல்லாரும் படம் பார்க்கிறப்போ கொஞ்சம் இழுக்கும்" என்றான். ஒரு டவரைப் பலரும் பங்கு போடுகிறார்கள் அல்லவா? லண்டன் மீட்டிங் எனக்குப் பெரும்பாலும் ராத்திரியில்தான். நேர்மையாகச் சொன்னானே என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்து, பெரிய கம்பெனி ஒன்றின் ஃபைபர், அதாவது ஒளியில் இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கம்பி. ஆப்பில் பதிவு செய்ய ஆதார், ஓடிபி எல்லாம் அப்பா பெயரில். அவர் காலையில் கோயிலுக்குப் போனால் போனும் கூடவே போகும், ஓடிபியும் சாரங்கபாணி சந்நிதியில் போய் நிற்கும். ஒருவழியாக முடித்தால் என் லண்டன் கார்டை வாங்கவில்லை. அதையும் சமாளித்துப் பணம் கட்டிய பிறகு, "உங்கள் தெருவுக்கு இன்னும் கேபிள் வரவில்லை, மெயின் ரோட்டோடு நிற்கிறது" என்று மூன்றாம் நாள் போன் வந்தது. பணம் திரும்பி வர எட்டு நாள் ஆனது.

விளம்பர விலையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 399 என்று போட்டிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 471 ஆகும். இன்ஸ்டலேஷன் இலவசம் என்பது பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ மொத்தமாகக் கட்டுபவர்களுக்குத்தான். என்னைப் போல மூன்று வாரத்துக்கு வந்தவன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடைசியில் தெருமுனை கேபிள் டிவி அண்ணனிடமே போய் நின்றேன். இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு சன் டிவி கொண்டுவந்தவர், இப்போது அதே கம்பங்களில் ஃபைபரும் இழுத்திருக்கிறார். ஸ்பீடு எவ்வளவு என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைவிட, அப்பா கேட்டதற்குச் சொன்ன பதில்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

"தேர் வர்றப்போ என்ன பண்ணுவீங்க?"

எங்கள் வீதியில் சாரங்கபாணி தேர் வரும். அன்று கரண்ட்டை நிறுத்திக் குறுக்கே போகும் ஒயர்களையெல்லாம் இறக்கிவிடுவார்கள். "கம்பத்துக்குக் கம்பம் சுருள் விட்டு வச்சிருக்கேன் ஐயா. அவுத்துத் தரையில போட்டுட்டு, தேர் நிலைக்கு வந்ததும் ஏத்திடுவேன். எங்கயாவது அறுந்துச்சுன்னா ஒட்டுற மெஷின் என்கிட்டயே இருக்கு" என்றார். மாதம் 500 ரூபாய்க்கு 50 எம்பிபிஎஸ். அன்று மாலையே ஆள் வந்தது.

வந்தவர் கருவியை மாட்டி, "பவர் மைனஸ் 21 வருது, சூப்பர்" என்றார். இது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு. மைனஸ் 27-க்கும் கீழே போனால் நெட் விட்டுவிட்டு வரும். நீங்கள் புதிதாகப் போடும்போது இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நெட் சரியில்லை என்று சண்டை போடும்போது உதவும்.

சண்டை எனக்கும் ஒன்று இருந்தது, வைஃபை பெட்டியை எங்கே வைப்பது என்று. வாசல் பக்கம் வைத்தால் அவருக்கு ஒயர் மிச்சம். எங்கள் வீடு வாசலிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி மாதிரி நீளம், சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. வாசலில் வைத்தால் முற்றத்தோடு வைஃபை நின்றுவிடும். கூடத்துக்கு நடுவில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சரி என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு செய்து கொடுத்தார். இன்வெர்ட்டர் லைனை அந்த பிளக் பாயிண்டுக்கு இழுக்க மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். பழைய செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் போன் பேசும். ஃபைபரில் அந்த வசதி கிடையாது, பெட்டிக்கு நாம்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

ஃபைபர் போட வந்தவர் அன்று கிளம்பும்போது கேட்டார்: "பெட்டிக்குப் பின்னாடி போன் சாக்கெட் இருக்கு, நம்பர் ஃப்ரீதான், பழைய போன் ஏதாவது இருக்கா?" அப்பா துணியை எடுத்தார். ரிசீவரைக் காதில் வைத்து டயல் டோனை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நம்பர் புதுசு என்பதில்தான் அவருக்கு வருத்தம்.

தேரன்று காலை ஏழு மணிக்கு பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு மீட்டிங்கை ஓட்டினேன், பாதி பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. மாலை ஆறரைக்கு ஏணியோடு அண்ணன் தெருவில் போனார். கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சையானது. அப்பாவுக்குச் சொல்லலாம் என்று பார்த்தால், அவர் இன்னும் தேர் முட்டியிலிருந்து வரவில்லை.