இரண்டரை நூல் போல்ட்

"எட்டு எம்எம் போல்ட் போதும் சார்" என்று அந்தப் பட்டறைப் பையன் சொன்னபோதே தடுத்திருக்க வேண்டும். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் காற்றில் ஓடும் அந்த ஸ்பேனர் 'டர்ர்ர்' என்று ஒரு முறை கத்தி ஓய்ந்தது. அப்பாவின் ஹெரால்டு காரில் ஐம்பது வருடங்களுக்கு மேல் பிழைத்துக் கிடந்த ஒரு மரை இரண்டே வினாடியில் வழித்துக்கொண்டு போனது.

விமானம், குடியுரிமை வரிசை, வங்கி வேலை, அக்கா மகளின் நிச்சயதார்த்தம் எல்லாம் நல்லபடியாக நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வார விடுமுறையில் மூன்று நாட்களை விழுங்கியது ஒரு போல்ட்.

வண்டி 1967ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில் நிற்கிறது. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரயம்ப் ஹெரால்டுதான் இது; 1961 முதல் நம் ஊரில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலை எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன், பெருங்களத்தூர். சிறுவனாக ரயிலில் போகும்போது அப்பா ஜன்னல் வழியாகக் கைகாட்டுவார். நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த ஊரோ, அந்த வண்டியின் தாய்வீடான இங்கிலாந்தின் கவென்ட்ரி. அங்கிருந்து போல்ட் வாங்கி வந்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது சரிதான். இரவில் ஆர்டர் கொடுத்தால் இரண்டாம் நாள் சின்ன பாலிதீன் உறையில், அளவு அச்சிட்ட சீட்டோடு தபாலில் வந்து விழும். ஆனால் வண்டி பிறந்த ஊருக்குப் போகிறோம், அங்கே கிடைக்காததா என்று ஒரு திமிர். பெட்டியில் இருந்த இடத்தைச் சாக்லேட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

பையன் செய்த தப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹெரால்டில் கீழே தனிச் சட்டம், மேலே கூண்டு. இரண்டையும் போல்ட் போட்டுப் பிணைத்திருப்பார்கள். அந்த போல்ட்டின் தடிமன் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது 7.94 மில்லிமீட்டர். எட்டு எம்எம் போல்ட்டை அருகில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தலைக்கும் அப்படித்தான்: இதற்கு அரை அங்குல ஸ்பேனர், அதற்குப் பதின்மூன்று. பதின்மூன்று ஸ்பேனர் இரண்டிலும் உட்கார்ந்துவிடும். "ஒரே ஸ்பேனர் சார், அப்புறம் எப்படி வேறு போல்ட் ஆகும்?" என்பது பையனின் வாதம். கேட்கும்போது எனக்கே நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பழைய போல்ட்டில் அங்குலத்துக்கு 24 மரை. எட்டு எம்எம்மில் ஏறக்குறைய 20. கையால் திருகினால் ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிடும். நின்றால் ஏன் என்று கேட்க வேண்டும். அவன் காற்று ஸ்பேனரை எடுத்தான்.

மறுநாள் பழைய போல்ட் ஒன்றைச் சாம்பிளாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டை. எழும்பூரில் இறங்கி நடந்தேன். தெருவுக்குள் நுழைந்ததும் அதே கருப்பு எண்ணெய் வாசனை, அதே கதவு மலை, இன்ஜின் மலை. பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த தெரு. கண் கலங்கியதை ஒப்புக்கொள்கிறேன். அது முதல் கடை வரைக்கும்தான்.

"எத்தனை நூல்?" என்றார் கடைக்காரர். எனக்கு அந்தச் சொல்லே மறந்துபோயிருந்தது. துணிக்கடையில் நிற்பது போல விழித்தேன். யூஎன்எஃப், இருபத்து நான்கு டிபிஐ (நெருக்க மரை, அங்குலத்துக்கு இருபத்து நான்கு) என்று கவென்ட்ரி மொழியில் ஏதோ சொன்னேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'இவனுக்கே மரை கழன்றிருக்கிறது' என்று எழுதியிருந்தது. அப்பாவுக்கு போன் செய்தேன். "ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். உன்னுடையது இரண்டரை நூல். இதுகூடத் தெரியாமலா இன்ஜினியருக்குப் படித்தாய்?"

இரண்டரை நூல் என்றதும் போல்ட்டை அள்ளிக் கொட்டினார்கள். ஏழு கடை ஏறினேன். எல்லாம் 18 மரை. நூல் தடிமனைத்தான் சொல்லும், மரையைச் சொல்லாது. 1841இல் விட்வொர்த் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் வகுத்த பழைய ஆங்கில மரையிலும் இரண்டரை நூலுக்குப் பதினெட்டு. 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து பொதுவாக வகுத்ததில் அகல மரைக்கும் பதினெட்டு. எனக்கு வேண்டியது அந்தப் பொது ஏற்பாட்டின் நெருக்க மரை. அதை விளக்கப்போனால் "கொஞ்சம் டைட்டாகப் போகும் சார், போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். போல்ட் என்ன, புதுச் செருப்பா? இதையே நான் கவென்ட்ரியில் கேட்டிருந்தால், பொருள் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு வரி வந்திருக்கும். அங்கே 'இல்லை' என்றால் இல்லை. இங்கே அந்தச் சொல்லே யாருக்கும் வாயில் வருவதில்லை. சென்னையின் பழைய சந்தையான மூர் மார்க்கெட் எரியாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று அன்று இரவு அப்பா பெருமூச்சு விட்டார். அது எரிந்தது 1985இல்.

இரண்டாம் நாள் பாரிமுனை, செம்புதாஸ் தெரு. அங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் சாம்பிளை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். கட்டைவிரல் நகத்தை மரையின் மேல் வைத்து, நுனியிலிருந்து தலைவரை ஒரே இழுப்பு. 'கிர்ர்' என்று சீப்பை வருடுவது போல ஒரு சத்தம். "இருபத்து நான்கு" என்றார். அளவுகோல் இல்லை, மரை அளக்கும் சீப்புத் தகடு இல்லை. நகம். "நம்மிடம் இல்லை தம்பி. இது கார்க்காரர்களிடம் கிடைக்காது. டிராக்டர் சாமான் கடையில் கேளுங்கள்."

'இல்லை' என்று சொன்ன முதல் மனிதர். கும்பிடத் தோன்றியது.

டிராக்டர் என்றதும்தான் எனக்கு உறைத்தது. கவென்ட்ரியில் பேனர் லேன் என்ற இடத்தில், இப்போது வரிசையாக வீடுகள் நிற்கும் இடத்தில், பழைய சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரைச் செய்துகொடுத்தது இதே ஸ்டாண்டர்டு கம்பெனி. பின்னால் அது மேசி ஃபெர்குசன் ஆனது. 1960இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கி அந்த டிராக்டரை நம் வயல்களுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பழைய மாடல்கள் இன்னும் உழுதுகொண்டிருப்பதால் அந்த மரையும் சாகவில்லை. கார்காரன் மறந்ததை விவசாயி காப்பாற்றி வைத்திருக்கிறான்.

மூன்றாம் நாள் தாம்பரத்திலிருந்து பஸ் பிடித்து மதுராந்தகம் போனேன். ஏரியை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. கடையில் சாம்பிளை நீட்டினேன். பெண்மணி ஒருவர் கேள்வியே கேட்காமல் உள்ளே போய் ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்தார். நட்டைப் போட்டு விரலால் சுண்டினேன். கடைசி வரை ஓடியது. பன்னிரண்டு வேண்டும் என்றேன். எண்ணிக் கொடுக்க மாட்டாராம், நிறுத்துத்தான் கொடுப்பாராம். அரை கிலோ. ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை, ஸ்கேன் செய்யச் சொன்னார். என் இங்கிலாந்து வங்கி அட்டையை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஒரு வாழைப்பழம் வாங்க முடியாது. எதிரே இருந்த டீக்கடையில் சில்லறை மாற்றி வந்தேன்.

ஒரு குறை உண்டு. பழைய போல்ட்டின் தலையில் சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக இருக்கும். பொது மரைக்கு அன்று பிரிட்டனில் வைத்த அடையாளம் அது. புதியவற்றில் அது இல்லை. கவென்ட்ரியில் பழைய வண்டிக்காரர்கள் கூடும் இடத்தில் இதற்கே மதிப்பெண் குறைப்பார்கள். அப்பாவிடம் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்துப் படிக்கிறவன் எவனோ அவன் படித்துக்கொள்ளட்டும் என்றார்.

பட்டறையில் கெட்டுப்போன நட்டை அறுத்து, புதியதைப் பற்றவைத்தார்கள். போல்ட்டை மட்டும் நானே கையால் திருகினேன், பையனைக் கிட்டே விடவில்லை. பிறகு பில் வந்தது. 'நட்டு வெல்டிங் 350' என்று தனி வரி. அவர்கள் கெடுத்ததைச் சரிசெய்ததற்கு என்னிடம் கூலி! கவென்ட்ரியாக இருந்தால் அங்கேயே நின்று மேலாளரைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். இங்கே அப்பா பில்லை வாங்கிப் பார்த்து, ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். எதற்காக ஐம்பது என்று கேட்டேன். அன்று நீ குடித்த டீயை அவன் கணக்கில் சேர்த்திருப்பான் என்றார்.