டி-மேக்ஸ் முன்பக்க ஸ்பேசர் செட்: 12 மி.மீ. போதும்

பீஞ்சமந்தை, ஜவ்வாது மலைப் பக்கம் போய்வரும் இசுஸு டி-மேக்ஸுக்கு முன்பக்கம் ஓர் அங்குலம் ஏற்றினாலே கல் இடிப்பது நன்றாகக் குறையும். அதற்கு ஷாக்கின் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) தலையில் வைக்கும் அலுமினிய ஸ்பேசர் செட், அதாவது இடைக்கட்டை, தாராளமாக வாங்கலாம். ஸ்பிரிங்கைத் தொடாததால் வண்டி முரடாகாது.

பலரும் ஏமாறுவது தடிமனில்தான். ஷாக், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால், 12 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 25 மி.மீ. ஏற்றம் தரும். ஓர் அங்குலம் வேண்டுமென்று ஓர் அங்குலக் கட்டையே வாங்கினால் இரண்டு அங்குலம் ஏறிவிடும். ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டின் கோணம் கெடும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் மேல்கையான அப்பர் ஆர்மில் உரசும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஆக்ஸில் மூட்டை மூடும் ரப்பர் உறையான ஆக்ஸில் பூட் சீக்கிரம் கிழியும். லேத்தில் கடைந்த இரும்புக் கட்டையும் தாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். எந்த செட்டானாலும் ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) நீளத்தைப் பாருங்கள்: நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும்.

மாட்டும்போது சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, ஸ்டெபிலைசர் பாரோடு இணைக்கும் லிங்க் ராடை இரண்டு பக்கமும் கழற்றினால்தான் ஆர்ம் இறங்கும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் கிளிப்பை முதலிலேயே விடுவித்துவிட வேண்டும். ஆர்மின் பாரம் அவற்றில் தொங்கக் கூடாது. ஷாக்கின் தலையில் சுற்றியுள்ள நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். நடு நட்டில் கைவைத்தால் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் வெடித்து வெளியே வரும், உயிருக்கே ஆபத்து.

லோயர் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். அவசரத்தில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். மூக்கு ஏறுவதால் ஹெட்லைட் வெளிச்சத்தையும் கீழிறக்கி வையுங்கள். எப்போதும் பின்னால் பாரம் ஏற்றும் வண்டிக்கு இந்த செட் வேண்டாம். பாரத்தில் மூக்கு ஏற்கெனவே தூக்கித்தான் இருக்கும். முன்பக்கமும் லீஃப் பட்டை (பட்டை ஸ்பிரிங்) உள்ள பிக்கப்பில் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைக்கவே கூடாது. பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக் கட்டை நழுவும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும் வண்டியென்றால் மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாட்டிய பின் 500 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.