அனகோண்டாவின் தோள்கவசம்: கோல்ட் ரீஃப் சிட்டியில் ஒரு நாள்

தோட்டின் திருகாணி காதின் பின்புறத்தில் எவ்வளவு ஆழமாகக் குத்தக்கூடும் என்பதை நான் ஒரு ரோலர் கோஸ்டரில்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டுப் பூங்கா ஒன்றில், தோளுக்கு மேலிருந்து இறங்கி மார்பை மூடும் கவசத்துக்குள் அமர்ந்திருந்தபோது, வண்டி முறுக்கித் திரும்பிய ஒவ்வொரு முறையும் என் தலை அந்தக் கவசத்தின் இரு பக்கங்களிலும் மாறி மாறி மோதியது. இறங்கும்போது இடது காதில் இரத்தம் கசிந்திருந்தது. டர்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் பிரேக்குகளையும் பூட்டுகளையும் சோதிப்பது என் தொழில் என்பதால், அந்தக் காயத்தை வெறும் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று முதல் எந்த வண்டியில் ஏறினாலும், அது என் உடலை எங்கே பிடிக்கிறது, ஏன் அங்கே பிடிக்கிறது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் ஜோகன்னஸ்பர்க்கின் கோல்ட் ரீஃப் சிட்டி பூங்காவில் ஓடும் அனகோண்டா என்ற ரோலர் கோஸ்டரைப் பற்றி எழுதுகிறேன்.

ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் என் மகளையும் அழைத்துக்கொண்டு, என்3 நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய 570 கிலோமீட்டர் காரோட்டி ஜோகன்னஸ்பர்க் சென்றோம். கிரவுன் மைன்ஸ் நிறுவனத்தின் பழைய 14ஆம் எண் சுரங்கக் குழியைச் சுற்றி அமைந்த பூங்கா இது. தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கும் பயணம் தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. அதற்காகவே இன்னொரு முறை போகலாம். குளிர்காலம் என்பதால் காலையில் கம்பளிச் சட்டை கட்டாயம் தேவை. சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அனகோண்டா 1999இல் திறக்கப்பட்டது. தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, இருக்கைகள் அதன் கீழே தொங்க, பயணிகளின் கால்கள் தரையில்லாமல் காற்றில் ஆடும் வகை அது. கட்டியவர்கள் சுவிட்சர்லாந்தின் ஜொவனோலா நிறுவனத்தார். இந்தப் பெயர் பலருக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். ஆனால் தொங்கும் கோஸ்டர் வகையை 1992இல் சிகாகோ அருகே 'பேட்மேன்' வண்டியின் மூலம் உலகுக்குப் பரப்பிய பொலிகர், மாபியார் இருவரும் தங்கள் சொந்த நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன் வேலை பார்த்தது இதே ஜொவனோலாவில்தான். ஆகவே அனகோண்டாவில் ஏறுபவர், அந்தத் தொழில்மரபின் ஒரு கிளையில் ஏறுகிறார் என்றே நான் சொல்வேன். தென்னாப்பிரிக்காவில் இப்படி ஒரு வண்டி இன்றும் ஓடுகிறது என்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இருக்கையில் அமர்ந்ததும் கவசத்தை நாமே கீழே இழுத்துக்கொள்ள வேண்டும். அது தோள்களின் மேல் வளைந்து வந்து, மார்பை அழுத்தி, வயிற்றுக்குக் கீழே நின்றது. ஊழியர் ஒவ்வொருவரின் கவசத்தையும் ஒருமுறை உள்நோக்கித் தள்ளி, ஒருமுறை வெளிநோக்கி இழுத்துப் பார்த்துவிட்டே நகர்ந்தார். என் மகளிடம் வந்தபோது இழுத்துப் பார்த்ததோடு நிற்காமல், "முதுகை நன்றாகச் சாய்த்துக்கொள்" என்று கையால் காட்டினார். பாரந்தூக்கியின் கொக்கியை நாங்கள் சோதிப்பதும் இதே முறையில்தான்: கண்ணால் பார்த்தது போதாது, கை வைத்து அசைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு அசைவுகளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி ஏற்பட்டது.

ஏற்றத்தில் சங்கிலி இழுக்கும்போது காலுக்குக் கீழே பூங்கா சுருங்கிக்கொண்டே போவதும், முதல் சரிவில் வயிறு தொண்டைக்கு வருவதும் எழுத்தில் அடங்காது. ஏறுமுன்பே தோடுகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருந்தேன். தலையைப் பின்பக்கத் தாங்கியோடு அழுத்தி வைத்து, கழுத்தைத் தளர விடாமல் பார்த்துக்கொண்டேன். இம்முறை காதுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இனி, பிடிக்க வேண்டியது தோளையா, மடியையா என்ற வழக்குக்கு வருகிறேன். தலைகீழாகச் சுற்றும் வண்டி என்றால் தோளைப் பிடித்தே ஆக வேண்டும் என்பது பெரும்பாலோரின் எண்ணம். அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தபடி அதையேதான் கேட்டார்: "தலைகீழாத் தொங்கும்போது அந்தக் கம்பி கழன்றா என்னம்மா ஆகும்?" சரியாக வடிவமைத்த வட்டச் சுழற்சியின் உச்சியில் நாம் தொங்குவதே இல்லை என்பதுதான் அதற்கு விடை. வண்டியின் வேகம் போதுமானதாக இருந்தால், உச்சியிலும் உடல் இருக்கைக்குள்தான் அழுத்தப்படுகிறது. நீர் நிறைந்த வாளியைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றினால் ஒரு சொட்டும் சிந்தாததைப் போல. உடல் இருக்கையை விட்டு எழும்பப் பார்ப்பது மேட்டைத் தாண்டி வண்டி சட்டெனச் சரியும் இடத்தில்தான். அங்கே பிடிக்க வேண்டியது தோளை அல்ல, இடுப்பையும் தொடையையும். உடலின் எடைமையம் இடுப்பருகே இருப்பதால், மடியில் இறுக்கமாகப் படியும் ஒரு கம்பி அந்த வேலையைச் செய்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. நவீன காலத்தின் முதல் முழுச் செங்குத்து வட்டம் 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 'ரெவல்யூஷன்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியபோது, அதைக் கட்டிய ஜெர்மானியர் அன்டன் ஷ்வார்ஸ்கோப் மடிக்கம்பியை மட்டுமே வைத்தார். அதை வடிவமைத்த பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் அந்த வட்டத்தைச் சீரான வட்டமாக வரையாமல் கண்ணீர்த்துளி வடிவில் வரைந்ததால், அடியில் கழுத்தை நொறுக்கும் அழுத்தம் தவிர்க்கப்பட்டது. பிற்காலத்தில் அதே வண்டியில் தோள்கவசம் சேர்க்கப்பட்டது. அதற்கென வடிவமைக்கப்படாத வண்டியில் தலைகள் மோதத் தொடங்கின. பயணிகளின் முறையீடு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2016இல் மீண்டும் மடிக்கம்பியோடு அது திறக்கப்பட்டபோது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஷ்வார்ஸ்கோப் எடுத்த முடிவு சரி என்று ஆயிற்று. அதே பூங்காவில் 2013இல் வந்த 'ஃபுல் த்ராட்டில்' ஏறக்குறைய 49 மீட்டர் உயர வட்டத்தைத் தோள்கவசம் இன்றியே சுற்றுகிறது.

அப்படியானால் அனகோண்டாவுக்கு ஏன் தோள்கவசம்? காலம் ஒரு காரணம். 1975இல் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெரி ஃபார்ம் பூங்காவில் ஆரோ நிறுவனத்தின் 'கார்க்ஸ்க்ரூ' தோள்கவசத்தோடு வந்த பிறகு, தலைகீழ் என்றால் தோள்கவசம் என்பது தொழிலில் ஊறிவிட்டது. கால்கள் ஊன்ற இடமின்றித் தொங்கும் இருக்கையில் பயணிக்கு மனத்துணிவு தர வேண்டியிருந்ததும் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். ஜொவனோலாவே 2000இலும் 2001இலும் அமெரிக்காவில் கட்டிய கோலியத், டைட்டன் ஆகிய இரு பெரும் வண்டிகளிலும் தலைகீழ்ச் சுழற்சி இல்லாததால் மடிக்கம்பியையே வைத்தது. அதாவது இரண்டையும் அறிந்தவர்கள்தாம் இங்கே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காது வலிக்குக் கவசத்தை மட்டும் குற்றம் சாட்டுவதும் நியாயமாகாது. தண்டவாளம் எந்த அச்சைச் சுற்றி முறுக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்டவாளமே அச்சாக இருந்தால், அதிலிருந்து தள்ளியிருக்கும் தலை பெரிய வளைவில் வீசி எறியப்படும். பயணியின் இதயத்தின் வழியே ஒரு கோட்டைக் கற்பனை செய்து, அதைச் சுற்றித் தண்டவாளத்தை முறுக்கினால், தலை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே திரும்பும். ஸ்டெங்கல் பரப்பிய இந்த முறையைப் பின்பற்றிய வண்டிகளில் தோள்கவசம்கூட உறுத்துவதில்லை. பின்பற்றாதவற்றில் எத்தனை பஞ்சு வைத்தாலும் காது தப்பாது. கடினக் கவசத்துக்குப் பதில் துணிப்பட்டை போன்ற மென்மையான தோள்பிடிகள் இப்போது வந்திருப்பது நல்ல மாற்றம்.

மடிக்கம்பியை ஆதரிக்கும் நான், அதன் குறையை மறைக்க விரும்பவில்லை. 2011இல் நியூயார்க் மாநிலத்தில், போரில் இரு கால்களையும் இழந்த ஒருவர் மடிக்கம்பி உள்ள கோஸ்டரிலிருந்து தூக்கி வீசப்பட்டு இறந்தார். தொடை இருந்தால்தான் அந்தக் கம்பிக்குப் பிடிப்பு. 2013இல் டெக்சாஸின் நியூ டெக்சாஸ் ஜயண்ட் வண்டியிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். அதன் பிறகு அங்கே இருக்கைப் பட்டையும் சேர்க்கப்பட்டது. மறுபக்கம், 2022 மார்ச்சில் ஓர்லாண்டோவில், இருக்கைகளை உயரே ஏற்றிச் சட்டென விழவிடும் வீழ்கோபுரம் ஒன்றில் 14 வயதுச் சிறுவன் தோள்கவசத்துக்குள்ளிருந்தே நழுவி விழுந்தான். அவன் இருக்கையின் உணர்கருவி கையால் மாற்றியமைக்கப்பட்டு, கவசம் முழுதாக இறங்காதபோதும் பூட்டியதாகக் காட்டியிருந்தது. மூன்றிலும் பொதுவானது, கவசம் அந்த உடலில் சரியாகப் படியவில்லை என்பதுதான். அதனால்தான் ஊழியரின் அந்த இரண்டு அசைவுகளை நான் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறேன். பூட்டின் வகையையும் பார்க்க வேண்டும். பற்சக்கரப் பூட்டு படிப்படியாகத்தான் இறுகும். இரண்டு பற்களுக்கு இடையில் உங்கள் உடல் அமைந்தால் சற்று இடைவெளி மிஞ்சும். எண்ணெய் உருளைகளால் இயங்கும் புதுவகைப் பூட்டு எந்த இடத்திலும் நிற்கும், ஒரு உருளை பழுதானால் மற்றொன்று தாங்கும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டு இருக்குன்னா சரி" என்றார்.

நம் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். தாலிச்சரட்டைக் கழற்ற விரும்பாதவர்கள் அதை ஆடைக்குள் விட்டு, நடுவில் வராமல் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். கவசம் அழுத்தும்போது குண்டுமணிகள் மார்பெலும்பில் பதியும். உயரம் குறைந்தவர்களுக்குக் கவசத்தின் பக்கவாட்டு காதுக்கு நேராக வரும் என்பதால், தலையைத் தாங்கியில் ஒட்டி வைப்பது மிக முக்கியம். முன்வரிசையில் காட்சி நன்றாக இருக்கும். பின்வரிசை சரிவில் வேகமாக இழுக்கப்படும். 

அனகோண்டாவுக்கு நான் ஐந்தில் நான்கு தருகிறேன். ஒன்றைக் குறைப்பது, இன்றைக்கு ஒருவர் இதைப் புதிதாகக் கட்டினால் மென்மையான தோள்பிடியோடு கட்டுவார் என்பதற்காக மட்டுமே. ஷ்வார்ஸ்கோப்பின் கைவண்ணமான கோல்டன் லூப்பும் இந்தப் பூங்காவுக்குத்தான் வந்து சேர்ந்தது. 1977இல் அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவில் ஓடத் தொடங்கிக் கடல் கடந்த வண்டி அது. நேரம் போதாமல் அதில் ஏற முடியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

அனகோண்டாவில் மூன்றாம் முறையும் ஏறிவிட்டு ஓடி வந்த மகள், "ஆயா, என் காதைப் பாருங்க, சிவக்கவே இல்லை!" என்று தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு காதுகளையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்த பிறகே கைப்பையிலிருந்து தோடுகளை எடுத்துக் கொடுத்தார்.